கடலடியில் சேறு அள்ளிய வாய் என்னுடையது

நான் செய்து முடித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பேசுவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே மூன்று ஏக்கர் மானாவாரிக் காடும், கிணறு என்று சொல்லிக்கொள்ள ஒரு வறண்ட பள்ளமும்தான் எனக்கு வந்த சொத்து. பாறையைப் பிளந்து அந்தப் பள்ளத்தைத் தண்ணீர் காணும்வரை இறக்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ராடு மாட்டும் ஆளாக ஏறி, ஒடிசா, ராஜஸ்தான் என்று பாஷை தெரியாத ஊர்களில் எல்லாம் போர் போட்டேன். யாரோ கைவிட்ட லாரிச் சட்டத்தையும், எடைக்குப் போட வைத்திருந்த ஒரு கம்ப்ரஸரையும் சேர்த்து எனக்கென்று ஒரு ரிக் வண்டி கட்டினேன். ஓடாது என்றார்கள். பதினொரு வருஷம் ஓடியது. பிறகு நான்கு லேத்து போட்டு ஒரு பட்டறை கட்டினேன். நாமக்கல் ரோட்டில் கோழிப் பண்ணை கட்டினேன். மாடி வீடு கட்டினேன். ஐந்நூறு அடிக்குக் கீழே ராடு முறிந்து, அதன் நுனியில் பாறையைக் குத்தும் ஹேமர் உள்ளே விழுந்துவிட்டால், அதைக் கண்ணால் பார்க்காமலே கவ்வி மேலே எடுக்க ஒரு கருவி செய்தேன். ஹைதராபாத்திலிருந்தெல்லாம் அதற்கு ஆள் வந்தது.

கடைசியாக ஒன்று செய்தேன். இந்தியப் பெருங்கடலில் ஐந்து கிலோமீட்டருக்கும் கீழே, கடல் தரையில் குத்தி இறங்கி, அங்கிருக்கும் சேற்றைக் கலையாமல் மேலே கொண்டுவரும் குழாய்க்கு ஒரு வாய். அந்த வாயைச் செய்தவன் நான். அதைத் தான் செய்ததாக மைக் பிடித்துச் சொல்லிக்கொண்டிருப்பவர் என் சம்பந்தி. என் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் எழுதுவது உறவுக்கு நல்லதா என்று வீட்டில் கேட்டார்கள். நல்லதில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

என் சம்பந்தி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்தில் அஸ்தம்பட்டியில் வீடு. நல்ல படிப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. நான் ஏதாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பட்டறையில் சொல்கிறபடி சொன்னால், அடுத்த பேச்சிலேயே அதே வார்த்தையைச் சரியாகச் சொல்லிக் காட்டுவார். சென்னையில் கடல் ஆராய்ச்சி செய்கிற ஒரு குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், இலையில் உட்கார்ந்தபடியே அந்தக் கதையை ஆரம்பித்தார்.

நடுக்கடலில் கப்பலை நிறுத்துகிறார்கள். இரும்புக் கயிற்றில் குழாயைக் கட்டி, அதன் தலையில் பெரிய எடையை வைத்து இறக்குகிறார்கள். தரை தொடவே இரண்டு மணி நேரம் ஆகிறது. குழாய் சேற்றில் குத்திக்கொள்கிறது. மறுபடி இரண்டு மணி நேரம் சுருட்டி மேலே எடுத்தால் குழாய் காலி. உள்ளே ஏறிய சேறு வரும் வழியிலேயே நழுவிப்போகிறது. வெளிநாட்டில் செய்த வாய் பூட்டிப் பார்த்தும் பாதிக் குழாய்தான் தேறுகிறது, அதுவும் கலங்கிப்போய்.

நான் சோறு பிசைவதை நிறுத்திவிட்டேன். ஆழம் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டால் டீக்கடையில் ஒரு வாரம் பேசுவார்கள். இவர் சொன்னது பதினாறாயிரம் அடிக்கும் மேல். வெளிச்சம் அங்கே போனதே இல்லையாம். தண்ணீர் ஐஸ் பெட்டியில் வைத்ததுபோல் இருக்குமாம். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டேன். கிலோவில் சொன்னார். எனக்கு பி.எஸ்.ஐ.யில் சொல்லுங்கள் என்றேன். மனக்கணக்குப் போட்டு ஏழாயிரத்துக்கு மேல் என்றார். எங்கள் வண்டியில் பெரிய கம்ப்ரஸரே முந்நூற்றைம்பதில் நிற்கும், அதற்கே ஹோஸ் பிய்த்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் குழாய் நசுங்கிவிடாதா என்றேன். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர், இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், எப்படி நசுங்கும் என்று சொல்லிச் சிரித்தார். பதில் சரிதான். சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

விழுந்த ஹேமரைக் கவ்வுகிற கருவியில் பாதி வேலை இதேதான், நான் செய்து தருகிறேன் என்றேன். அவர் உடனே தலையாட்டினார். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் மேலே வருகிற மண்ணை ட்ரில்லர் உள்ளங்கையில் எடுத்துத் தேய்ப்பான். பிறகு துளியூண்டு முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பான். நறநறவென்றால் மணல், வழுக்கினால் களி. பல்லில் வைக்காமல் எந்த ட்ரில்லரும் அடுத்த முடிவு எடுக்க மாட்டான். அதனால் அந்தக் கடல் சேற்றில் ஒரு கைப்பிடி கொண்டுவாருங்கள் என்று சம்பந்தியிடம் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குங்க சம்பந்தி. தொட்டியில படிஞ்ச வண்டலாட்டம்தான் இருக்கும். நீங்க வேலையைப் பாருங்க" என்றார்.

நம்பினேன். இதுதான் நான் செய்த தப்பு, இதை மறைக்க மாட்டேன். மண்ணைப் பல்லில் வைக்காமல் அடுத்தவன் பேச்சைக் கேட்டுக் கேசிங் குழாய் இறக்கிய ட்ரில்லர் இரண்டு பேரை நானே வண்டியை விட்டு இறக்கியிருக்கிறேன். அதே வேலையை நான் செய்தேன்.

குழாயின் வாயில் ஸ்பிரிங் தகட்டில் எட்டு விரல் வைத்தேன். சேறு உள்ளே ஏறும்போது விரல்கள் விலகும், கீழே வழுக்கினால் ஒன்றுசேர்ந்து மூடும். தொட்டியில் படிந்த வண்டல் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது மரவள்ளிக் கிழங்கு மாவுதான். ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் போனேன். கிழங்கை அரைத்து வடிகட்டிய பாலைத் தொட்டியில் விட்டு வைத்தால், மாவு அடியில் வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும். அதில் மூன்றடிக் குழாயைக் குத்தி வெடுக்கென்று இழுத்தேன். தட்டிக் கொட்டினால் டியூப்லைட் மாதிரி முழுசாக விழுந்தது. ஆலையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கூட வந்திருந்த சம்பந்தி அதைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார். நான் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கடலில் அது ஒரு கரண்டிச் சேறுகூடக் கொண்டுவரவில்லை.

காரணம் எனக்கு அப்போது தெரியாது. ஆனால் செய்தி மட்டும் எனக்கு முன்னால் எல்லாக் கல்யாண மண்டபத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசையிலிருந்து சம்பந்தியின் குரல் கேட்கும்: "நம்ம சம்பந்தி கடல்ல ஜவ்வரிசி எடுக்கலாம்னு பாத்தாருங்க. கடல்காரன் குடுக்கலைங்க." சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். பாயசம் ஊற்றுகிறவன்கூட என் இலைக்கு வந்ததும் ஒரு நொடி நின்று, ஜவ்வரிசி கூட ஊற்றட்டுமா என்று கேட்டான். ஆறு மாதம் எனக்கு ஜவ்வரிசி இன்ஜினியர் என்று பெயர். சேற்றைக் கொண்டுவர மறுத்தது யார் என்று அந்தப் பந்திகளில் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு அந்தக் குழுவில் வேலை பார்க்கும் ஒரு பெண் விஞ்ஞானி, வாய் செய்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வேறு வழியில்லாமல் சம்பந்தி காரில் கூட்டிவந்தார். சின்ன வயசு, முப்பதுக்கு ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும். வந்ததும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். பழுப்பு நிறச் சேறு. ஆறு மாதத்துக்கு முன் நான் கேட்டது.

விரலில் தொட்டு முன்பல்லில் வைத்தேன். சம்பந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. "சம்பந்தி, அதையெல்லாம் வாயில வெக்கறதுங்களா" என்றார்.

அந்தப் பெண் சிரித்தார். "பரவாயில்ல ஐயா, ஆனா ரொம்பப் பழசு. உங்க விரல் கனத்துக்கு இது படியவே பல ஆயிரம் வருஷம் ஆயிருக்கும்."

"அத்தனை வருசம் கெடாதது இப்பக் கெடப் போகுதுங்களா" என்றேன்.

ஒரு மணல்கூட இல்லை. அரைத்த சந்தனம்போல் வழுக்கியது, உப்புக் கரித்தது. டப்பாவை மூடிக் குலுக்கினேன். குலுக்கக் குலுக்க வெண்ணெய்போல் நின்றது இளகி மோர்போல் ஆனது. கிழங்கு மாவு இதற்கு நேர் எதிர். அதை வேகமாக அழுத்தினால் கல்லாக நிற்கும், சும்மா விட்டால்தான் ஓடும். அதனால்தான் நான் வெடுக்கென்று இழுத்தபோது அது குழாயைப் பிடித்துக்கொண்டு வந்தது. கடல் சேறு ஆடினால் இளகும். இரும்புக் கயிறு இரண்டு மணி நேரம் அதிர்ந்துகொண்டே வருகிறது என்று அந்தப் பெண் சொன்னார். விரல்களுக்கு நடுவே இருக்கிற இடுக்கு வழியாக எல்லாம் ஒழுகிவிட்டது. டப்பாவைத் திறந்து அரை நிமிஷத்தில் எனக்கு விளங்கியது, ஆறு மாதம் நான் கேட்ட பேச்சுக்கெல்லாம் ஒரு கைப்பிடிச் சேறுதான் விலை என்று. சம்பந்தியைப் பார்த்தேன். அவர் லேத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கடல் தரையைப் பற்றி நிறையச் சொன்னார். கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியாம், அதன்மேல் கறுப்பாக உருளைக்கிழங்கு அளவில் கற்கள் கிடக்குமாம். அந்தக் கல் ஒரு நெல்மணி அளவு பருப்பதற்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்றார். சேற்றின் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு காலத்தில் படிந்தது, கலங்கிவிட்டால் அந்தக் காலமே போய்விடும் என்றார். பேச்சில் ஒரு ஆத்திரம் இருந்தது. நாலு தடவை கப்பல் ஏறி நாலு தடவையும் கலங்கிய சேற்றோடு திரும்பியவர். எனக்கு அந்த ஆத்திரம் பிடித்தது.

இடுக்கில்லாமல் மூடுகிற வாய் எது என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. வாங்கம்மா என்று இரண்டு பேரையும் கோழிப் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். முட்டை வெளியே வருகிற நேரத்தில் கோழியின் பின்பக்கம் எவ்வளவு விரிகிறது, முட்டை விழுந்த மறு நொடி எப்படி ஒரு நூல் இடமில்லாமல் சுருங்குகிறது என்று காட்டினேன். உள்ளே தசை இறுக்குகிறது, மேலே தோல் மடிந்து இடுக்கை அடைக்கிறது. நான் தசையை மட்டும் செய்திருந்தேன். தோலைச் செய்யவில்லை.

"சம்பந்தி, அந்த அம்மணிகிட்டக் காட்டற விசயமுங்களா இது" என்று சம்பந்தி என் காதருகில் சொன்னார். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். அந்த அம்மணி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கோழி முட்டை போடும்வரை நகரவில்லை. நோட்டை எடுத்துப் படம் போட்டுக்கொண்டார்.

சேகோ ஆலையில் மாவு வடிகட்டுகிற நெருக்கமான துணியை வாங்கி, எட்டு விரல்களின் மேல் உறைபோல் தைத்தேன். இந்தத் தடவை சேகோத் தொட்டிக்குப் போகவில்லை. மண் சரிகிற இடங்களில் போருக்குள் ஊற்றுகிற பெண்டோனைட் களியைப் பீப்பாயில் கரைத்து, அந்த டப்பாச் சேற்றின் பதத்துக்குக் கொண்டுவந்தேன். நின்றால் கெட்டி, குலுக்கினால் இளகும். பீப்பாயில் குழாயைக் குத்தித் தூக்கி, கான்கிரீட் போடுகிற வைப்ரேட்டரைக் குழாயில் கட்டி ஓடவிட்டேன். முதல் உறையும் இரண்டாம் உறையும் ஒத்துவரவில்லை. துணி மடிந்து ஒருபக்கம் ஒதுங்கியது. மூன்றாவது உறையில் ஒரு சின்ன மாற்றம். இரண்டு மணி நேரம் வைப்ரேட்டர் ஓடியும் ஒரு சொட்டு விழவில்லை. அந்த மாற்றம் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். என் பகை முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

அந்த வாயோடு கடலுக்குப் போய்த் துறைமுகத்துக்குத் திரும்பியதும் அந்தப் பெண் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். "குழாய் முழுசும் வந்துடுச்சு ஐயா. மேல் அடுக்குகூட கலையல" என்றார். நான் நல்லதம்மா என்று மட்டும் சொன்னேன். போனை வைத்தபிறகு பட்டறையில் இருந்த எல்லா லேத்தையும் நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டு, பதினாறாயிரம் அடிக்குக் கீழே நம் கைவேலை போய் வந்திருக்கிறது என்று சொன்னேன். பெருமைதான். படாமல் இருக்க நான் சாமியாரா?

சில மாதம் கழித்து சம்பந்தியின் பழைய கல்லூரியில் விழா. அந்த வாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என்னை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார்கள். சம்பந்தி இங்கிலீஷிலும் தமிழிலும் முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு நாள் மாலை தன் வீட்டுத் தோட்டத்தில் தாமரை கூம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று மடிந்ததாம். அந்த நொடியில் கடலடி வாய் மனதில் உதித்ததாம். கூட்டம் கை தட்டியது. அந்தத் தாமரைத் தொட்டியை எனக்குத் தெரியும். அஸ்தம்பட்டி வீட்டு வாசலில் இருக்கிறது. கொசுப்புழுவைத் தவிர அதில் நான் எதையும் பார்த்ததில்லை.

கடைசியில் என்னை மேடைக்கு அழைத்து, எனக்கு என்றும் ஊக்கம் தரும் என் சம்பந்தி என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். பக்கத்தில் வைத்திருந்த பலகையைக் கிட்டத்தில் அப்போதுதான் படித்தேன். 'முதல் மாதிரி திருச்செங்கோட்டுப் பட்டறை ஒன்றில் செய்யப்பட்டது. பயன் தரவில்லை. இரண்டாம் மாதிரி பேராசிரியரின் சொந்த வடிவமைப்பு.' தோற்றதற்கு என் பட்டறையைப் போட்டிருக்கிறார். ஜெயித்ததற்குத் தன்னைப் போட்டுக்கொண்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்தான் நான். ஆனாலும் அந்தப் பலகையை மூன்று தடவை படித்தேன்.

அன்று மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. மகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"ஏனுங்க சம்பந்தி, தாமரை எப்பங்க பூத்துச்சு?"

அவர் பதறவில்லை. "அத்தனை பெரிய சபையில கோழிக்குப் பின்னால பாத்தேன்னு சொல்ல முடியுமுங்களா? கேக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"கோழி வேண்டாமுங்க. என்ற பேரச் சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"ஒரே குடும்பமாயிட்டோம். இதுல உங்க பேரென்ன, எம்பேரென்னங்க. ரசம் ஊத்தச் சொல்லட்டுங்களா?"

குடும்பத்தில் ஒரே பெயர் போதும் என்றால் அது ஏன் என் பெயராக இருக்கக் கூடாது என்று நான் கேட்டிருக்கலாம். மகள் ரசத்தோடு வந்துவிட்டாள். ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையை லேத்து துடைக்கக் கொடுத்தேன். அது எண்ணெயைக்கூட ஒழுங்காக உறிஞ்சவில்லை.

காத்திருந்தேன். நான் காத்திருக்கத் தெரிந்தவன். போருக்குள் விழுந்த ஹேமருக்காக நாலு நாள் ஒரே இடத்தில் நின்றிருக்கிறேன்.

அடுத்த வருஷம் பெரிய அளவில் நான்கு வாய் வேண்டியிருந்தது. சம்பந்தி என்னிடம் வரவில்லை. சேலத்தில் வேறொரு பட்டறைக்குத் தன் வரைபடத்தைக் கொடுத்து, தன் மேற்பார்வையில் செய்து அனுப்பினார். வரைபடத்தில் விரல் இருந்தது, துணி உறை இருந்தது, அளவெல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தது. மூன்றாவது உறையில் நான் செய்த மாற்றம் இல்லை. அது கண்ணால் பார்த்தால் தெரியாது. தைத்தவனுக்குத்தான் தெரியும்.

நான்கும் காலியாக வந்தன. அந்தப் பெண் கப்பலிலிருந்து இறங்கியதும் கூப்பிட்டார். துணி மடிந்து ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது ஐயா, ஏன் என்று தெரியவில்லை என்றார். கேட்ட நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. என் முதல் இரண்டு உறையில் நடந்தது அதுதான்.

"வரைஞ்சவரைக் கேளுங்கம்மா. தாமரையைப் பாத்துச் சொல்லுவாரு" என்றேன்.

சொல்லும்போது இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்று சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டியது.

பத்து நாளில் சம்பந்தி வந்தார். சித்திரை வெயில், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஆப்பிள் பை. வாங்க வாங்க என்று எழுந்து நின்று வரவேற்றேன். காற்றாடியை அவர் பக்கம் திருப்பினேன். இளநீர் வெட்டச் சொன்னேன். முட்டை விலை பேசினேன், லாரி டயர் பேசினேன், மோகனூரில் காவிரித் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பேசினேன். கடலைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். இரண்டு தடவையும் நான் இன்னொரு இளநீர் கொண்டுவரச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கேட்டார், அதுவும் தரையைப் பார்த்து.

"அந்த உறையில என்னமோ ஒண்ணு பண்ணியிருக்கீங்க சம்பந்தி. என்னன்னு சொல்லீருங்க."

"அதே மண்டபத்துல, அதே மைக்குல, அந்த வாய் யாருதுன்னு நீங்க சொல்லீருங்க. அந்த மேடையில இருந்து எறங்கறதுக்குள்ள நான் சொல்லீர்றேன்."

"அச்சடிச்சு ஊரெல்லாம் போயிருச்சுங்க. இனி மாத்துனா என்ற மானம் என்னாகறது?"

"என்ற மானத்தைப் பந்தியில ஆறு மாசம் பரிமாறுனீங்களே, அது தீந்துதுங்களா?"

இளநீர் பாதியில் இருக்க எழுந்துவிட்டார். ஆப்பிள் பையை மறந்துவிட்டுப் போனார். பண்ணைக் கோழிகளுக்கு வெட்டிப் போட்டேன்.

நாலாம் நாள் மகள் போன் செய்தாள். "ஏனுங்கப்பா, இங்க நான்தானுங்க இருக்கோணும். மாமா மூணு நாளா யாருகிட்டயும் பேசறதில்லைங்க" என்றாள். உன்னை அவர்கள் ஏதாவது சொன்னார்களா சாமி என்று கேட்டேன். இல்லை என்றாள். சொன்னால் அன்றைக்கே சொல் என்றேன். அவள் அழுதாள். அது என்னைக் கொஞ்சம் அசைத்தது. ஆனால் பேராசிரியர் மூன்று நாள் பேசாமல் இருக்கிறார் என்ற செய்தியை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உண்மையில் என்னை அசைத்தது அந்த விஞ்ஞானிப் பெண்தான். மறுபடி கூப்பிட்டார். மழைக்காலம் முடிந்ததும் கப்பல் கிளம்புகிறதாம். இந்தத் தடவையும் காலியாக வந்தால் அந்த இடத்துக்கு மறுபடி எப்போது கப்பல் கிடைக்கும் என்று தெரியாதாம். பலகையை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை, தான் சின்ன ஆள் என்றார். எனக்கு அது புரியும். நானும் ரிக் வண்டியில் சின்ன ஆளாக இருந்தவன்தான். பிறகு ஒன்று சொன்னார்.

"என்கிட்ட மட்டும் ரகசியமா சொன்னா அதுவும் அவரோடதாயிடும் ஐயா. எல்லாரும் படிக்கற மாதிரி நீங்களே எழுதிடுங்க. அப்புறம் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது."

இந்த யோசனையை நான் இரண்டு நாள் மென்றேன். பழி வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் குழாய் நிறையும். என் சம்பந்தி இனி ஒரு நாளும் எந்தப் பூவைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே எழுதுகிறேன். உறைத் துணியை நேர்வாட்டத்தில் வெட்டக் கூடாது, கிராஸ் கட்டிங்கில் வெட்ட வேண்டும். நேர்வாட்டத் துணி இழுத்தால் கொடுக்காது. விரல்கள் சேரும்போது மடிந்து ஒருபக்கம் ஒதுங்கி இடுக்கு விடும். மூலைவாட்டத்தில் வெட்டிய துணி எந்தப் பக்கம் இழுத்தாலும் இழுபட்டு விரலோடு ஒட்டிப் படியும். இவ்வளவுதான் ரகசியம்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு உறையும் கெட்டுப்போய் நான் துணியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, என் மனைவி அதை வாங்கி இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். "கிராஸ் கட்டிங்ல வெட்டிப் பாருங்க. ஜாக்கெட்டு அப்படி வெட்டுனாத்தான் உடம்போட நிக்கும்" என்றாள். வெட்டிக் கொடுத்ததும் அவள்தான். சம்பந்தி தன் வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கடலடி அவர் கைக்கு வந்திருக்கும். கேட்கவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி, ரெண்டு வருசம் கழிச்சாச்சும் ஞாபகம் வந்துச்சே என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அவள் பங்கை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். என் பங்கைக் கொடுக்க வேண்டியவர்கள் இன்னும் கொடுக்கவில்லை.

கல்லூரிக்காரர்களுக்கும் என் சம்பந்திக்கும் ஆராய்ச்சிக் குழுவின் மேலதிகாரிகளுக்கும் சொல்கிறேன். அந்தப் பலகையைக் கழற்றுங்கள். முதல் மாதிரி பயன் தரவில்லை என்ற வரி அப்படியே இருக்கட்டும், அது நடந்ததுதான், ஆனால் பட்டறை ஒன்றில் என்று போடாமல் என் பெயரைப் போடுங்கள். சேற்றைத் தொட்டுப் பார்க்காமல் செய்ததால் தோற்றது, கேட்ட சேற்றைக் கொடுக்காதவர் பேராசிரியர் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டாம் மாதிரிக்கு நேராகவும் என் பெயரைப் போடுங்கள். துணி வெட்டிய வரியில் என் மனைவியின் பெயரைப் போடுங்கள். ஆலோசனை சொன்னவர் என்று பேராசிரியரின் பெயரை அதற்குக் கீழே போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த கப்பல் கிளம்புவதற்குள் செய்யுங்கள். புதிய பலகையைப் படிக்க நான் சேலத்துக்கு வருவேன். இந்தத் தடவை என்னை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.